வயசு முடிஞ்சா ஆளும் முடியணுமா? டீக்கடையில் சூடான வாக்குவாதம்!

கருவேப்பிலங்குறிச்சி,

"இன்ன வயசு வரைக்கும்தான் நீ உயிரோடு இருக்கலாம். அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது."

இப்படி ஒரு சர்க்கார் உத்தரவு போட்டால் எப்படி இருக்கும்? கேட்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது அல்லவா?

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியில் இந்தக் கேள்வி ஒரு டீக்கடை பெஞ்சையே இரண்டாகப் பிளந்துவிட்டது. ஒரு பக்கம் இளவட்டங்கள். மறு பக்கம் நரைத்த தலைகள். நடுவில் டீ கிளாசும் கையுமாகக் கடைக்காரர்.

நிஜ உத்தரவு எதுவும் வரவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கதை!

செல்போனில் பார்த்த படம்

விருத்தாசலத்தில் பீங்கான் வேலைக்குப் போகிற ஒரு வாலிபர்தான் முதலில் ஆரம்பித்து வைத்தார். பஸ்சுக்குக் காத்திருந்த நேரத்தில், செல்போனில் பார்த்த ஜப்பான் படத்தின் கதையைக் கூட்டாளிகளிடம் சொன்னார். 2022-ல் வந்த "பிளான் 75" என்ற படம் அது. 75 வயது ஆனவர்கள் தாமாகவே வந்து கையெழுத்துப் போட்டால், வலி இல்லாமல் சாக சர்க்காரே ஏற்பாடு செய்து தரும். கைச்செலவுக்குப் பணமும் உண்டு. இதுதான் கதை.

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஓய்வு பெற்ற குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார்.

"இது என்னா பெரிய அதிசயம், தம்பி? நம்ம தூர்தர்ஷன்லயே இதைவிடப் பயங்கரமா ஒண்ணு வந்துச்சு. நீ அப்போ பொறக்கவே இல்ல" என்றார்.

அவ்வளவுதான். பஸ் வந்தது, போனது. யாரும் ஏறவில்லை!

இரண்டே எழுத்துப் பெயர்

அவர் சொன்னது எழுத்தாளர் சுஜாதாவின் "என் இனிய இயந்திரா". 1980-களில் ஆனந்த விகடனில் தொடர்கதையாக வந்து சக்கைப்போடு போட்டது. பிறகு தூர்தர்ஷனில் டி.வி. தொடராகவும் வந்தது.

சுஜாதா வெறும் கதாசிரியர் அல்ல. ரங்கராஜன் என்ற இயற்பெயருடன் பெங்களூர் பி.இ.எல். நிறுவனத்தில் என்ஜினீயராக இருந்தவர். ஓட்டுப் போடும் மின்னணு எந்திரத்தை உருவாக்கிய வேலையில் அவருக்கும் முக்கியப் பங்கு உண்டு. 2008-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந்தேதி காலமானார்.

கதை நடக்கும் காலம் 2021, 2022. இந்தியாவை "ஜீவா" என்ற சர்வாதிகாரி ஆளுகிறார். மனிதர்களுக்கு எண் உண்டு. பெயர் இரண்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. கதாநாயகி நிலா. கணவன் சிபி. வீடு தேடி வருகிறவன் ரவி. அவனோடு வரும் எந்திர நாய்க்கும் ஜீனோ என்று இரண்டே எழுத்து!

பிள்ளை பெற வேண்டுமானால் சர்க்காரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஒருவர் எத்தனை காலம் வாழலாம் என்பதையும் சர்க்கார்தான் முடிவு செய்யும். கெடு முடிந்தால் ஆளும் முடிந்தார்!

கடைசியில் ஜீவா என்று ஒரு மனிதரே கிடையாது என்பது தெரிய வருகிறது. மக்கள் கும்பிட்ட தலைவர் வெறும் ஒளிப் பிம்பம். பின்னால் இருந்து வேறு ஆட்கள் ஆட்டி வைத்திருக்கிறார்கள்.

"அப்போ தெருவுக்கு ஒரு டி.வி.தான். ஆன்டெனாவைத் திருப்புறதுக்கு மாடி மேல ஒரு ஆள் நிப்பான். நாய் பேசுறதைப் பார்த்துட்டுப் பசங்க குதிப்பாங்க. ஆனா பெரியவங்க யாரும் சிரிக்கல. வயசானா முடிச்சுடுவாங்கன்னு வந்ததும் எங்க அம்மா எழுந்து உள்ளே போயிட்டாங்க" என்றார் குமாஸ்தா.

"கணக்கு சரிதானே?"

இங்கேதான் சண்டை மூண்டது. பீங்கான் வாலிபர் விடவில்லை.

"கதை பயங்கரம்தான். ஆனா கணக்கைப் பாருங்க அண்ணே. சம்பாதிக்கிறவன் ஒருத்தன், உக்காந்து சாப்பிடுறவங்க நாலு பேருன்னா வீடு தாங்குமா? நாடு மட்டும் எப்படித் தாங்கும்?" என்று கேட்டார்.

அவர் கேட்டதில் ஒரு விஷயம் இருக்கத்தான் செய்கிறது. 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் 100 பேரில் 10 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். நாடு முழுவதும் பார்த்தால் இது 8 பேர் சொச்சம்தான். மற்ற பல மாநிலங்களைவிடத் தமிழ்நாடு சீக்கிரமாக நரைக்கிறது.

உடனே குமாஸ்தா திருப்பி அடித்தார். "சுதந்திரம் வந்தப்போ நம்ம ஆளுங்களோட சராசரி ஆயுசு 32 வருஷம். அன்னிக்கு எவனாவது கணக்குப் போட்டு, 40 போதும்னு கோடு கிழிச்சிருந்தா? உங்க அப்பாவும் இல்ல, நீயும் இல்ல!"

பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. வாலிபர் முகம் சிவந்தது.

வெளிநாட்டிலும் இதே கதை

இப்படிக் கோடு கிழிக்கும் கதைகள் மேல்நாட்டிலும் உண்டு. 1967-ல் அமெரிக்காவில் வந்த "லோகன்ஸ் ரன்" நாவலில் 21 வயதோடு வாழ்க்கை முடிந்துவிடும். 1976-ல் அதைப் படமாக எடுத்தபோது, போனால் போகிறதென்று 30 வயதாக்கினார்கள்!

பிறப்பின் மீது சர்க்கார் கை வைத்ததோ கதை அல்ல, நிஜம். நம் நாட்டில் நெருக்கடி நிலை அமலில் இருந்தபோது 1976-77-ல் மட்டும் 80 லட்சம் பேருக்கு மேல் கருத்தடை ஆபரேஷன் நடந்தது. பல இடங்களில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போய்ச் செய்தார்கள். சீனாவில் 1980 வாக்கில் தொடங்கி 2015 வரை "ஒரே குழந்தை" சட்டம் இருந்தது.

"பொறக்குறதுக்குக் கோட்டா வச்சவன் சாவுறதுக்கு வைக்க மாட்டானா?" என்று டீ ஆற்றிக்கொண்டே கேட்டார் கடைக்காரர்.

கீரைக்கார ஆயா போட்ட போடு

கூடையை இறக்கி வைத்துவிட்டு அதுவரை சும்மா கேட்டுக்கொண்டிருந்த கீரைக்கார மூதாட்டி ஒருவர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"சர்க்காரு வந்து எங்கள முடிக்க வேணாம், சாமி. ஊட்டுல இருக்குறவங்களே போதும்!"

பெஞ்சு மொத்தமும் கப்சிப்.

ஆயா சொன்னது வெறும் பேச்சு இல்லை. தெற்கே விருதுநகர் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில் "தலைக்கூத்தல்" என்ற கொடுமை நடப்பதாக 2010-ல் பத்திரிகைகளில் பரபரப்பாகச் செய்திகள் வந்தன. படுக்கையில் கிடக்கும் முதியவர்களை, எண்ணெய்க் குளியல் என்ற பெயரில், சொந்தக் குடும்பமே வழியனுப்பி வைக்கும் வழக்கம் அது. வெளியே இயற்கை மரணம். உள்ளே கொலை. புகார் கொடுக்க யாரும் வருவதில்லை.

இதை வைத்து எடுத்த "பாரம்" என்ற படம் 2018-ம் ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது வாங்கியது. 2019-ல் வந்த "கே.டி. (எ) கருப்புதுரை" படத்திலும் இதே ஆபத்துதான். குடும்பத்தின் திட்டத்தைத் தெரிந்துகொண்ட தாத்தா வீட்டைவிட்டு ஓடிவிடுவார்.

சுஜாதா கதையில் கெடு வைத்தவர் சர்வாதிகாரி. இங்கே கெடு வைப்பவர் பெற்ற பிள்ளை!

சட்டம் என்ன சொல்கிறது?

பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளைத் தட்டிக்கேட்க 2007-ல் மத்திய சர்க்கார் சட்டம் கொண்டுவந்தது. ஆர்.டி.ஓ. அந்தஸ்தில் உள்ள அதிகாரியின் தலைமையில் இயங்கும் தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. மாதம் 10 ஆயிரம் ரூபாய் வரை ஜீவனாம்சம் தரச் சொல்லி உத்தரவு போட சட்டத்தில் இடம் உண்டு. 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி.

முதியவரை வேண்டுமென்றே கைவிட்டால் 3 மாதம் வரை ஜெயில் அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். உதவி கேட்க 14567 என்ற இலவச டெலிபோன் எண்ணும் இருக்கிறது.

"சட்டம் இருக்கு, சரி. புள்ள மேல எந்த ஆத்தா மனு எழுதுவா?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்தார் ஆயா.

அதற்கு ஒருவரிடமும் பதில் இல்லை.

"மெஷின் சொல்லணுமாம்!"

கடைசியாகப் பேசியவர் பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு முதியவர். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். வருஷக்கணக்கில் களிமண் பிசைந்த கை. விரல் நுனியில் ரேகை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வழவழவென்று கிடந்தது.

"அந்தக் கதையில ஒருத்தன் சாகணும்னா மெஷின் சொல்லணும். எனக்கு, நான் உயிரோட இருக்கேன்னே மெஷின் சொல்லணும். பி.எப். பென்ஷனுக்கு வருஷா வருஷம் விரல் வைக்கணும். வச்சா, பதியலைங்குது. பதியலைன்னா பணம் நிக்கும். அப்போ நான் இருக்கேனா, செத்துட்டேனா? நீங்களே சொல்லுங்க" என்றார்.

பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதை மின்னணு முறையில் பதிவு செய்யும் "ஜீவன் பிரமாண்" திட்டம் 2014 நவம்பரில் வந்தது. கதையில் ஆண்டவன் ஜீவா. நிஜத்தில் வந்தது ஜீவன்! விரல் ரேகை பதியாதவர்களுக்காக, முகத்தைக் காட்டியே பதிவு செய்யும் வசதி 2021 நவம்பரில் சேர்க்கப்பட்டது. ஸ்மார்ட்போனும் ஆதார் எண்ணும் பென்ஷன் எண்ணும் இருந்தால், இருக்கிற இடத்திலேயே வேலை முடிந்துவிடும். இந்த விவரம் பெரியவருக்குத் தெரியாது.

ஆனால், ஒருவருக்குத் தெரிந்திருந்தது. "கணக்கு சரிதானே?" என்று கேட்ட அதே வாலிபர்!

"தாத்தா, இப்படி வெளிச்சத்துல வந்து உக்காருங்க. கண்ணைச் சிமிட்டுங்க" என்று செல்போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார். முதல் தடவை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றச் சொல்லி மறுபடி பிடித்தார். மொத்தப் பெஞ்சும் எட்டிப் பார்த்தது. சற்று நேரத்தில் பதிவானதாகச் செய்தி வந்தது.

"இன்னும் ஒரு வருஷத்துக்கு நீங்க உயிரோட இருக்கலாமாம், பெரியவரே. மெஷினே சொல்லிடுச்சு!" என்று கடைக்காரர் குரல் கொடுத்தார்.

"அது சொல்லாட்டியும் இருப்பேன்டா" என்றார் பெரியவர்.

விருத்தாசலம் என்ற பெயரிலேயே விருத்தம் இருக்கிறது. பழமை, முதுமை என்று பொருள். அந்த ஊரின் தமிழ்ப் பெயர் முதுகுன்றம். கிழட்டு மலையையே சாமியாகக் கும்பிடும் சீமை இது.

2022 வந்தது, போயும் விட்டது. சுஜாதா சொன்ன ஜீவா வரவில்லை. மூன்று எழுத்துக்கு மேல் பெயர் வைத்தவர்கள் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். வாக்குவாதம் மட்டும் ஓயவில்லை. மறு பஸ்சில் ஏறிய வாலிபரைப் பார்த்து, "நாளைக்கு வா தம்பி, மிச்சத்தைப் பேசிக்கலாம்" என்று குமாஸ்தா கை ஆட்டினார்.

டீக் காசைக் கொடுத்தவர் பெரியவர்.