சேவைச் சங்கத்தின் ஓராண்டு

உழவனுக்கு ஆண்டு என்பது விதைப்பில் தொடங்கி அறுவடையில் முடிவது. ரோட்டரி சங்கத்திற்கோ அது ஜூலை மாதம் 1-ந் தேதி தொடங்கி மறு ஜூன் 30-ந் தேதி முடிவடைகிறது. ஆனி மாதத்தின் நடுவில் ஒரு தலைவர் பதவி ஏற்கிறார். மறு வருஷம் அதே ஆனியில் பதவியைப் பிறரிடம் ஒப்புவித்து விலகுகிறார். கண் சிகிச்சை முகாம், இரத்த தானம், பள்ளிக்கூடத்துக் குடிநீர் வசதி முதலிய காரியங்களுக்காக இச்சங்கத்தார் கிராமங்களுக்கு வருவதை நம் வாசகர்களில் பலர் கண்டிருக்கலாம். ஆயினும் சங்கத்தின் உள் அமைப்பை அறிந்தவர் சிலரே. பன்னிரண்டே மாதம் பதவி வகிப்பவர்களைக் கொண்டு பல்லாண்டுக் காரியங்களை நடத்துவது எவ்வாறு என்பது, ஊர்ப் பொதுக் காரியங்களில் ஈடுபட்ட அனைவரும் அறியத்தக்கதாகும்.

சங்கத்தின் தோற்றம்

1905-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 23-ந் தேதி, அமெரிக்காவிலுள்ள சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வக்கீல் மூன்று நண்பர்களுடன் கூடி இச்சங்கத்தைத் தொடங்கினார். அம்மூவரில் ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்க எஞ்சினீயர், மற்றொருவர் தையற்காரர். ஒவ்வொருவருடைய தொழிலிடத்திலும் முறைவைத்துக் கூடியமையால், சுழன்று வருதல் என்னும் பொருள்பட ரோட்டரி என்ற பெயர் வந்தது. இந்தியாவில் கல்கத்தாச் சங்கம் 1920-ம் வருஷத்திலும், சென்னைச் சங்கம் 1929-ம் வருஷத்திலும் அங்கீகாரம் பெற்றன. பெண்களை அங்கத்தினராகச் சேர்க்க 1989-ம் வருஷத்தில் விதி திருத்தப்பட்டது. பல தொழிலாளரும் ஒரே சங்கத்தில் இருப்பதால், ஓர் ஊருக்குக் கிணறு வேண்டுமாயின் எஞ்சினீயரின் யோசனையும், நோய்க்கு மருந்து வேண்டுமாயின் வைத்தியரின் யோசனையும் சங்கத்துக்குள்ளேயே கிடைக்கின்றன.

ஆண்டின் நடைமுறை

பதவியேற்றவுடன் தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் முதலியோர் அவ்வருஷத்து வேலைத் திட்டத்தையும் வரவு செலவு மதிப்பையும் வகுக்கின்றனர். பிரதி வாரமும் கூடுவதே பழைய வழக்கம். 2016-ம் வருஷத்தில் விதி தளர்த்தப்பட்டபின், மாதம் இருமுறையேனும் கூடினால் போதும் என்றாயிற்று. மாதந்தோறும் ஒரு பொருளில் விசேஷ கவனம் செலுத்துமாறு தலைமை ஸ்தாபனம் குறித்துள்ளது. செப்டம்பர் கல்விக்கும், டிசம்பர் நோய்த் தடுப்புக்கும், மார்ச் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் உரியவை.

டிசம்பர் மாதம் முடிவதற்குள் அடுத்த நிர்வாகிகளின் தேர்தல் நடந்தாக வேண்டும். தலைவராக வரப்போகிறவர், பதவியேற்பதற்கு ஒன்றரை ஆண்டுக்குக் குறையாமல் முன்னரே தெரிந்தெடுக்கப்படுகிறார். சாதாரணமாக நிர்வாக சபையில் தற்போதைய தலைவரும், சென்ற ஆண்டுத் தலைவரும், வரும் ஆண்டுத் தலைவரும் ஒருங்கே அமர்ந்திருப்பர். வயலில் பயிர் நிற்கும்போதே அடுத்த போகத்திற்கு நாற்றங்கால் தயாராக இருப்பதை இதற்கு ஒப்பிடலாம். சென்றவர் தொடங்கியதை இருப்பவர் அறிவார். இருப்பவர் செய்வதை வருபவர் கண்டுகொள்கிறார்.

கணக்கு முறையும் கவனிக்கத்தக்கது. சங்கங்களுக்கென வகுக்கப்பட்ட மாதிரி விதிகளின்படி, நிர்வாகச் செலவுக்குரிய பணமும் தருமப் பணிக்குரிய பணமும் வேறு வேறாக வைக்கப்படவேண்டும். ஒவ்வொரு செலவுக்கும், பொக்கிஷதார் நீங்கலாக வேறு இரு நிர்வாகிகளின் சம்மதம் வேண்டும். வருஷ முடிவில் தகுதி வாய்ந்த ஒருவர் கணக்கு முழுவதையும் பரிசோதிக்கவேண்டும். கோயில் திருவிழாவுக்கும் ஏரி மராமத்துக்கும் பணம் வசூலிக்கும் நம் ஊர்க் கமிட்டிகள் இம்மூன்று விதிகளையும் கைக்கொண்டால், வீண் சச்சரவுகள் பல ஒழியும்.

இளம்பிள்ளை வாத ஒழிப்பு

இம்முறையின் பலனுக்குச் சிறந்த சான்று இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ நோயை ஒழித்த வரலாறாகும். 1979-ம் வருஷத்தில் பிலிப்பைன்ஸ் தேசத்துக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து அளிக்கும் வேலையை ரோட்டரி மேற்கொண்டது. 1985-ம் வருஷத்தில் அதை உலகம் முழுமைக்கும் விரித்தது. இந்தியாவில் 1995-ம் வருஷம் டிசம்பர் மாதம் 9-ந் தேதியும், அடுத்த ஜனவரி மாதம் 20-ந் தேதியும் தேசமெங்கும் ஒரே நாளில் மருந்து அளிக்கும் முறை தொடங்கிற்று. பொறுப்பு சர்க்காருடையது, சங்கத்தார் துணை நின்றனர். சூடு பட்டால் மருந்தின் சக்தி கெடுமாதலால், ஐஸ் வைத்த பெட்டியில் அதைக் கொண்டுசெல்ல வேண்டும். வாகனம் கொடுத்தும், மருந்து புகட்டும் இடங்களில் நின்றும், மருந்துண்ட குழந்தையின் சுண்டுவிரலில் மை இட்டும், விடுபட்டவர்களை வீடு வீடாகத் தேடியும் அங்கத்தினர்கள் உழைத்தனர்.

2009-ம் வருஷத்தில் இந்தியாவில் 741 பேருக்கு இந்நோய் கண்டது, 2010-ல் 42 பேர், 2011-ல் ஒருவர். அவ்வருஷம் ஜனவரி மாதம் 13-ந் தேதி மேற்கு வங்காளத்து ஹௌரா ஜில்லாவில் ஒரு பெண் குழந்தைக்குக் கண்டதே இறுதி. 2014-ம் வருஷம் மார்ச் மாதம் 27-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனம், இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதியில் அந்நோய் நீங்கிற்றென்று சான்றளித்தது. 1985 முதல் அந்நாள் வரை ஒவ்வொரு சங்கத்திலும் ஏறக்குறைய முப்பது தலைவர்கள் மாறினர்; காரியம் மாறவில்லை.

குறையும் பரிகாரமும்

எல்லாக் காரியங்களும் இவ்வாறு முடிவதில்லை. தம் பதவிக் காலத்துக்குள் ஒரு பெயர்ப்பலகை நாட்டவேண்டுமென்ற அவசரம் சிலரிடம் உண்டு. ஆடியில் நட்ட மரக்கன்று பங்குனி வெயிலில் நீரின்றிக் காய்ந்துபோவதும், பள்ளிக்கு அளித்த குடிநீர் யந்திரம் மாற்று உறுப்பு வாங்க ஆளின்றி மூலையில் கிடப்பதும் எத்தனையோ ஊர்களில் காணும் காட்சி. குற்றம் கொடுத்தவர் மீது மட்டுமன்று; கேளாமல் வாங்கிக்கொண்ட ஊரார் மீதும் உண்டு.

ஆகவே, எந்தச் சங்கத்தாராவது உதவ முன்வரும்போது, நிலக்கிழார்களும் கிராம அதிகாரிகளும் பின்வருவனவற்றை விசாரித்துக்கொள்வது நலம்:

(1) ஊரின் முதல் தேவை இதுதானா? தேவையை ஊரார் கூடித் தீர்மானித்தனரா?

(2) நிலம் யாருடையது? ஊராட்சியின் அனுமதி எழுத்து மூலம் பெறப்பட்டதா?

(3) மின்சாரக் கட்டணமும் பழுது பார்க்கும் செலவும் யார் பொறுப்பு? சாவி யாரிடம் இருக்கும்?

(4) ஜூலை மாதத்தில் தலைவர் மாறியபின் யாரிடம் பேசவேண்டும்? வருகிற தலைவருக்கு இவ்விஷயம் தெரியுமா?

சங்கத்தின் அங்கத்தினரல்லாத கிராமவாசிகளே தம் ஊரில் சேவைக் குழு அமைத்து, அருகிலுள்ள ரோட்டரி சங்கத்தின் ஆதரவில் இயங்கவும் வழியுண்டு. 1986-ம் வருஷத்தில் தொடங்கிய இவ்வேற்பாடு, ரோட்டரி சமுதாயக் குழு என்ற கருத்தில் இன்றும் வழங்குகிறது. இவ்வகைக் குழு உள்ள ஊரில், கொடுத்தவர் போனபின் பொருளைக் காக்க ஊரிலேயே ஆள் இருக்கும். புதிய தலைவர்கள் திட்டம் வகுப்பது ஆனி, ஆடி மாதங்களில்தான். அதற்கு முன்பே ஊரின் தேவையையும் பராமரிப்புக்கான ஏற்பாட்டையும் ஒரு தாளில் எழுதிக் காரியதரிசியிடம் சேர்ப்பிப்பது, பருவமறிந்து விதைப்பதற்கு ஒப்பாகும்.