தறிக்குப் பின்னால் ஒரு முறுக்கு டின்

பட்டுச்சேலை வாங்க முள்ளிப்பட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முன்கூடத்தோடு திரும்பிவிடுவார்கள். பாய் விரியும், சொம்பில் தண்ணீர் வரும், சேலை மடிப்பு மடிப்பாகத் திறக்கும், விலை பேசி முடிந்ததும் ஆரணிக்கு பஸ் ஏறிவிடுவார்கள். நான் முன்கூடத்தைத் தாண்டிவிட்டேன்! அந்தச் சாயம்போன திரைச்சீலையை விலக்கிக்கொண்டு தறிக்கூடத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டேன். இரண்டு நாள் அங்கேதான் இருந்தேன். வாங்க, உங்களையும் கூட்டிப்போகிறேன். நிலைப்படி தாழ்வு, குனிந்து வாங்க.

கண் பழகக் கொஞ்ச நேரமாகும். முதலில் சத்தம்தான் வந்து மோதுகிறது. அடுத்த வீட்டிலும் தறி, எதிர்வீட்டிலும் தறி, ஆடி மாதம் என்பதால் தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கி வேறு. இடுப்புவரை குழிக்குள் இறங்கி உட்கார்ந்து ஒருவர் நெய்கிறார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி, அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாலையாகத் தொங்கி, ஒவ்வொரு மிதிக்கும் ஒன்று புரளுகிறது. கீழே அரக்கு உடலும் மாம்பழ மஞ்சள் கரையுமாக ஒரு சேலை விரலளவு விரலளவாக வளர்கிறது.

சேலையின் அழகை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சுற்றியிருப்பதைப் பாருங்கள்! தறிச்சட்டத்தில் ஸ்கூல் ஐடி கார்டு தொங்குகிறது. கயிற்று இடுக்கில் சீப்பு, கரண்ட் பில், பாதி தீர்ந்த தைல பாட்டில். சுவரோரம் அரிசி மூட்டைமேல் புத்தகப்பை, அதன்மேல் ஒரு பூனை. தார் சுற்றும் ராட்டைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற வழி. அந்த வழியில்தான் ஐந்து பேர் நாள் முழுக்கப் போய்வருகிறார்கள். கர்நாடகத்திலிருந்து பட்டுநூலும் சூரத்திலிருந்து ஜரிகையும் வந்து சேர்ந்து, புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டாக மாறுவது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

ஆனால் நான் பார்க்க வந்தது சேலையை அல்ல. தறிப்பலகைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கும் ஒரு முறுக்கு டின்னை.

வீட்டுக்கார அக்கா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அதை இழுத்தார். மூடியைத் திறந்ததும் எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. ஊதா, கிளிப்பச்சை, வாடாமல்லி, மயில்கழுத்து என்று உள்ளங்கை அளவு சதுரங்கள். இரண்டாவது தெருவில் பிளவுஸ் தைக்கிற டெய்லரக்கா பை பையாகக் கொடுத்த வெட்டுத்துண்டுகள். ஒரு ஊசிப்பொட்டலம், விரலுக்கு மாட்டுகிற அங்குஸ்தான், அடியில் காகிதத்தில் சுற்றிய இரண்டு முறுக்கு. "அது சின்னவனுக்கு. அம்மா தைக்கிறப்ப மடியில ஏறாம இருக்கிறதுக்குக் கூலி" என்றார்.

நாத்தனாருக்கு ஆவணியில் வளைகாப்பு. பிறக்கப்போகிற குழந்தைக்குத் தன் கையால் ஒரு ஒட்டுத்துணிப் போர்வை தைத்துத் தரவேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. போனில் ஒரு வீடியோவில் பார்த்தது. தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. பதினைந்து வருடமாகத் தறியில் உட்காருகிறவர், ஊசியை முதன்முதலாகப் பிடித்தபோது திகைத்துப் போய்விட்டாராம். "தறி தெரிஞ்ச கைக்கு ஊசி தெரியலம்மா! தறியில கையும் காலும் சேர்ந்து ஓடும். இதுல ரெண்டு விரல்தான். உடம்பே மறந்துபோச்சு."

மடித்திருந்த போர்வையை விரித்துக் காட்டினார். மேலே வண்ணச் சதுரங்கள், நடுவே மெத்தென்று பஞ்சுவிரிப்பு, அடியில் பழைய நூல்சேலை. மூன்றும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள, குறுக்கும் நெடுக்குமாகக் கையால் ஓட்டுத் தையல். முதல் வரிசையில் தையல்கள் மழைக்குக் கலைந்த எறும்புச்சாரி போல இருந்தன. ஐந்தாவது வரிசைக்கு வந்தால் நேராகிவிட்டன. எட்டாவதில் மறுபடி கலைந்திருந்தது. "அன்னிக்குப் பெரியவளுக்குக் காய்ச்சல்" என்றார் அக்கா, கேட்காமலே.

இவருக்கு நேரம் எங்கே கிடைக்கிறது? நானும் உங்களைப்போலத்தான் கேட்டேன். விடியுமுன் தண்ணீர் பிடிக்கவேண்டும், அப்புறம் தறி, எட்டரைக்குள் இரண்டு டிபன் பாக்ஸ், மறுபடி தறி, நடுவில் தார் சுற்றல். ஆவணி முகூர்த்தங்களுக்கான ஆர்டர் கழுத்தில் தொங்குகிறது. பதில் அடுப்படியிலிருந்து வந்தது. குக்கர் ஏற்றிவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து, முதல் விசிலுக்குள் ஒரு வரிசை, இரண்டாவது விசிலுக்குள் இன்னொன்று! சதுரங்களுக்குப் பெயரே அப்படித்தான். "இது பருப்புக் கட்டம். இது பட்டாணி. இது கொண்டைக்கடலை, அதான் பாரு, ரொம்ப நேரம் கிடைச்சிருக்கு, தையல் எவ்வளவு பொடிசு!" பருப்புக் கட்டத்தின் ஓரத்தில் மஞ்சள்தூள் விரல்தடம் ஒன்று இருந்தது. துவைத்தும் போகவில்லையாம். போகவே வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

வீடே இதில் கூட்டுச் சதி. ஆறாவது படிக்கும் பெரியவள், பள்ளிக்குக் கிளம்புமுன் பத்து ஊசிகளில் நூல் கோத்துத் தினசரி காலண்டர் அட்டையில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுப் போகிறாள். அம்மாவுக்கு ஒரு நிமிஷமும் வீணாகக் கூடாது, அப்பாவைப் பெற்ற ஆயாவுக்கும் கண் வலிக்கக் கூடாது. சின்னவன் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலை வைத்துச் சாக்பீஸால் கோடு போடுகிறான். கோடு முடிகிற இடத்திலெல்லாம் ஒரு கார் வரைந்து வைத்திருக்கிறான். அக்காவின் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிட்டவர், தறிக்குழியிலிருந்தபடியே சீண்டினார்: "நான் இதுக்குள்ள எத்தனை சேலை அறுத்தேன் தெரியுமா? இவ இன்னும் ஒரு பாப்பாவை மூட முடியல!" சொல்லிவிட்டு, அறையில் மிச்சமான அரக்குப் பட்டுநூலைச் சுற்றிவைத்த ஒரு தாரை டின்னுக்குள் போட்டார். அக்கா பார்க்காத மாதிரி இருந்தார். முகம் சிவந்துபோனது எனக்குத் தெரியும்.

ஒரு சோகக் கதையும் அந்த டின்னில் இருக்கிறது. முதலில் அக்கா முழுக்கப் பட்டிலேயே தைக்க நினைத்தாராம். பட்டு ஊரில் பட்டுதானே அழகு? ஜரிகைக் கரைத்துண்டுகளாகப் பார்த்து, முப்பது சதுரம் ஆசையாக வெட்டி வைத்தார். சாயங்காலம் பார்த்தால் ஓரமெல்லாம் இழை பிரிந்து, சதுரங்கள் குஞ்சம் கட்டிக்கொண்டு நிற்கின்றன! ஒன்றோடொன்று சேர்த்தால் நழுவுகிறது. தைத்தால் சுருங்குகிறது. அன்றிரவு டின்னை மூடி மேலே பரணில் போட்டுவிட்டார்.

இறக்கியவர் மாமியார். எழுபதைத் தாண்டிய ஆயா. பிள்ளைகளோடு சேர்ந்து நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். ஒரு துண்டை எடுத்துத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "ஜரிகை கீறும். பச்சை உடம்பு தாங்குமா? பட்டு நழுவுற சாதி, நூல்துணிதான் பிடிச்சுக்கும்." அப்புறம் தன் பெட்டியைத் திறந்து, துவைத்துத் துவைத்து மல்லிகைப்பூ மாதிரி ஆகிவிட்ட ஒரு நூல்சேலையை எடுத்துக் கொடுத்தார். போர்வைக்கு அடித்துணி அதுதான். நம் வீடுகளில் பிறந்த குழந்தையைப் பழைய சேலையில்தானே கிடத்துவோம். அந்த வழக்கத்தை அக்கா வீடியோவில் தேடிக்கொண்டிருந்தார். அது அடுத்த அறைப் பெட்டியிலேயே இருந்தது.

நாலு மணி டீக்கு எல்லோரும் கூடியபோது, நான் போனில் சேமித்து வைத்திருந்த படங்களைக் காட்டினேன். தஞ்சாவூர்த் தேர்களில் தொங்கும் தொம்பை, துணியை வெட்டி ஒட்டித் தைப்பதுதான். "அட, இதை வருஷாவருஷம் பார்த்துட்டுத்தானே கும்புடுறோம்!" என்றார் அக்கா. 2019-ல் சென்னையில் நடந்த இந்திய குயில்ட் திருவிழாவைச் சொன்னதும், போர்வைக்கென்று ஒரு திருவிழாவா என்று சின்னவன் வாய் பிளந்தான். அண்ணனைப் பிடித்து நிறுத்தியது வேறு கதை. சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய நம் சீட்டித் துணிமேல் இங்கிலாந்துக்கு அப்படியொரு மோகம். அங்கிருந்த கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தெழுந்து தெருவில் இறங்க, அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்தவும் வீட்டில் புழங்கவும் தடைபோட்டு 1721-ல் சட்டமே வந்தது. ஆனாலும் அந்தக் காலத்து ஒட்டுத்துணிப் போர்வைகளில் சீட்டித் துண்டுகள் தப்பிப் பிழைத்து, இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. "அப்ப அங்கயும் நெசவாளிக்கு வயித்துப்பாடுதான்" என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார். டீ ஆறிவிட்டது.

ஆயாவுக்குப் பிடித்தது சித்தி சமூகப் பெண்களின் போர்வை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள், வட கர்நாடகக் காட்டோரம் வாழ்கிறார்கள். பழந்துணிகளை ஓரத்திலிருந்து தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். அதற்குக் கவந்தி என்று பெயர். நாலு மூலையிலும் துணியை மடித்து ஒரு பூ வைத்தால்தான் போர்வைக்கு முழுமை. "மூலைக்குப் பூ வைக்கிறாளுங்களா?" ஆயா படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். "நம்ம சாதி பொம்பளைங்கதான் அவங்களும்." கையிலிருந்த கிளிப்பச்சைத் துண்டு அப்போதே மடிய ஆரம்பித்துவிட்டது.

மறுநாள்தான் எனக்குக் கிடைத்த பெரிய விருந்து. தறி நின்றுவிட்டது! சேலை அறுத்தாகிவிட்டது, பாவு தீர்ந்துவிட்டது, புதுப் பாவு வந்திருக்கிறது. அந்த வீட்டில் சுவர்க்கடிகாரச் சத்தத்தை முதன்முதலாக அன்றுதான் கேட்டேன். பழைய பாவை முழுக்க எடுத்துவிட மாட்டார்கள். அச்சிலும் விழுதிலும் கோத்திருக்கும் கடைசி முழ நூலை அப்படியே விட்டுவைத்து, அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையைச் சேர்த்து முறுக்குவார்கள். பாவு பிணைத்தல். முடிச்சு கிடையாது. முடிச்சு இருந்தால் அச்சின் பல்லுக்குள் நுழையாது. இழைகளோ ஆயிரக்கணக்கில்.

ஆயா இந்தப் பக்கம், அக்கா அந்தப் பக்கம். நடுவில் சலித்த சாம்பல் ஒரு கொட்டாங்குச்சியில். ஃபேனை நிறுத்திவிட்டார்கள், காற்றடித்தால் பட்டிழை பறந்து சிக்கிக்கொள்ளும். ஆடிக் காற்று தெருவில் அடிக்க, உள்ளே வேர்வை ஆறாக ஓடியது. ஆயாவின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டே இருந்தது. பேத்தி ஓடிவந்து தாவணியால் ஒற்றிவிட்டாள். சாம்பலைத் தொடுவது, பழைய இழையில் ஒன்று, புது இழையில் ஒன்று, ஒரு சுருட்டல், பிடித்துக்கொண்டது. அடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

"எப்படி ஆயா இது நிக்குது?"

"அழுத்தினா அறுந்துடும், விட்டா நழுவிடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பிடி இருக்கு" என்றார் தலை நிமிராமல். கொஞ்சம் கழித்து அவரே தொடர்ந்தார்: "நான் கட்டிக்கிட்டு வந்தப்ப இந்தத் தறியில என் மாமியார் பாவு ஓடிட்டிருந்துச்சு. அது வால்ல பிணைச்சேன். அப்புறம் அது வால்ல, அது வால்ல. இன்னிவரைக்கும் வெறும் அச்சுல ஆரம்பிச்சதே இல்ல கண்ணு."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. நாம் எதையாவது கற்றுக்கொள்ள நினைத்தால் முதலில் தேடுவது ஒரு காலி நாளை. பிள்ளைகள் வளரட்டும், வேலை குறையட்டும், அப்புறம் உட்காரலாம் என்று தள்ளிப்போடுகிறோம். இந்த வீட்டில் காலி நாள் என்று ஒன்று வந்ததே இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் வாலில்தான் அடுத்ததைப் பிணைத்திருக்கிறார்கள். குக்கர் விசிலின் வாலில் ஒரு வரிசைத் தையலை அக்கா பிணைத்ததும் அதே கைவேலைதான்.

அன்று மத்தியானம் பிணைப்புக்கு நடுவே கூழ் குடிக்க எழுந்தோம். கோயிலில் வார்த்த கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். அந்தக் கால் மணி நேரத்தில் அக்கா டின்னை இழுத்தார். வேர்வையில் ஊசி வழுக்கியது. கை தானாகச் சாம்பல் கொட்டாங்குச்சிக்குப் போனது. "ஏய், துணி கறுத்துடும்!" என்று ஆயா அதட்டினார். "சின்னவனோட பவுடரை எடு." பவுடர் தொட்ட விரலோடு அக்கா ஊசியை ஏற்றினார். அழுத்தாமல், விடாமல், நடுவிலுள்ள அந்தப் பிடியில். தையல் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து. எல்லாம் நெல்மணி அளவு! "அத்தை, இங்க பாரு!" என்று கத்தியேவிட்டார். பூனை மூட்டையிலிருந்து குதித்து ஓடியது.

நான் கிளம்பும் நேரத்துக்குள் நாலு மூலையிலும் கிளிப்பச்சைப் பூ வந்துவிட்டது. கடைசிப் பூவை அண்ணன் கொடுத்த அரக்குப் பட்டுநூலால் அக்கா தைத்து முடித்தார். நூலை ஒட்ட நறுக்கக் கத்தரிக்கோலை எடுத்தபோது, ஆயா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விரக்கடை நூல் விடு."

"எதுக்கு அத்தை? பார்க்க அசிங்கமா தொங்கும்."

"என் பொண்ணுக்கு ரெண்டாவது பொறந்தா எங்கேருந்து பிடிப்ப?"

எல்லோரும் சிரித்தோம். குழிக்குள் இறங்கிய அண்ணன் மிதியை மிதித்தார். புதுப் பாவு, பழைய பாவின் வாலைப் பிடித்துக்கொண்டு அச்சுக்குள் நுழைந்தது. ஒரு இழையும் அறவில்லை. நாடா ஓடத் தொடங்கியதும் கடிகாரச் சத்தம் மறைந்துபோனது. அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. அக்கா கை நீட்டிக் காலண்டர் அட்டையிலிருந்து அடுத்த ஊசியை எடுத்துக்கொண்டார்.