சொந்தச் சொல், சொந்தக் குரல்: பிரதீக் குஹாடின் ஐந்து பாடல்கள்

தமிழர்களாகிய நமக்குப் பாடல் என்றதும் திரைப்படமே முதலில் நினைவுக்கு வருகிறது. ஒருவர் எழுதுகிறார், மற்றொருவர் இசையமைக்கிறார், மூன்றாமவர் பாடுகிறார், திரையில் நான்காமவர் உதடசைக்கிறார். அந்த ஏற்பாட்டில் அரிய பாடல்கள் பல பிறந்துள்ளன. ஆயினும், தானே எழுதி, தானே மெட்டமைத்து, ஒரு கிதாருடன் தானே பாடும் மரபு ஒன்றும் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவில் வுடி கத்ரியும் அவருக்குப் பின் பாப் டிலனும் அவ்வழியில் வந்தவர்கள். டிலனுக்கு 2016ஆம் ஆண்டின் இலக்கிய நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, பாடலும் இலக்கியமே என்பதை உலகம் ஒப்புக்கொண்டது. அந்த மரபில் இன்று நம் நாட்டில் பெரிதும் கேட்கப்படுபவர், தில்லியில் தம் இசைவாழ்வைத் தொடங்கிய பிரதீக் குஹாட்.

இவர் 1990இல் ஜெய்ப்பூரில் பிறந்தவர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கணிதமும் பொருளியலும் பயின்றவர். அத்தகைய பட்டம் பெற்ற பிள்ளை, பாட்டு எழுதப் போகிறேன் என்று வந்து நின்றால் எந்தப் பெற்றோருக்கும் வயிற்றில் புளி கரையும். வணிகவியல் படித்து வங்கிப் பணிக்கு வந்த நம்மைப் போன்றோர்க்கும் அந்த முடிவின் துணிவு நன்கு விளங்கும்.

இப்பாடல்களை நமக்கு அறிமுகம் செய்தவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகளே. நாம் வாழும் மந்திர் மார்க், இசைக்குப் பஞ்சமில்லாத சாலை. 1939இல் எல்லாச் சாதியினர்க்கும் இடமுண்டு என்ற உறுதியின்மேல் காந்தியடிகள் திறந்துவைத்த லட்சுமி நாராயணர் கோயிலில் இந்திப் பஜனை. அருகே காளிபாரியில் வங்காளத்து வழிபாடு. தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் 7 பள்ளிகளுள் ஒன்றான மந்திர் மார்க் பள்ளியில் தமிழ்ப்பாடம். இங்கு வளரும் பிள்ளைகள் வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், தேர்வில் ஆங்கிலமுமாக வாழ்கிறார்கள். இந்தி, ஆங்கிலம் என இரு மொழிகளிலும் எழுதிப் பாடும் ஒருவரை அவர்கள் தம்மவராகக் கொண்டதில் வியப்பில்லை. பிள்ளைகளின் வழியே கேட்கத் தொடங்கிய நாம், இப்போது அவர்கள் இல்லாத பொழுதிலும் கேட்கிறோம். நம் மனத்தில் நின்ற ஐந்து பாடல்கள் இவை.

முதலாவது, 'ராத் ராஸி'. 2013இல் வெளிவந்த, அதே பெயர் கொண்ட சிறு தொகுப்பின் பாடல். பெரிய நிறுவனத்தின் துணையின்றி வெளியானது. அதில் அலங்காரமான உருதுச் சொற்களைத் தேடினால் கிடைக்கமாட்டா. இரவில் இருவர் பேசிக்கொள்ளும் எளிய இந்தியே உண்டு. இந்தியை அலுவலகத்தில் கற்ற நமக்கும் அது முழுவதும் புரிந்தது.

இரண்டாவது, 2015ஆம் ஆண்டின் 'இன் டோக்கன்ஸ் அண்ட் சார்ம்ஸ்' என்னும் ஆங்கிலத் தொகுப்பில் உள்ள 'ஓ லவ்'. குரலை உயர்த்தாமலே ஏக்கத்தைச் சொல்லிவிட முடியும் என்பதற்கு இதனை எடுத்துக்காட்டாகக் கூறலாம்.

மூன்றாவது, 'கோ கயே ஹம் கஹான்'. 'பார் பார் தேகோ' (2016) என்ற இந்தித் திரைப்படத்திற்காக ஜஸ்லீன் ராயல் இசையமைக்க, குஹாட் எழுதி, இருவரும் இணைந்து பாடியது. நாம் எங்கே தொலைந்தோம் என்பது தலைப்பின் பொருள். படம் பார்க்காதவர்களும் இப்பாடலைத் தனியே கேட்டு மகிழலாம்.

நான்காவது, 'கோல்ட்/மெஸ்'. 2018இல் ஆறு ஆங்கிலப் பாடல்களுடன் வந்த தொகுப்பின் தலைப்புப் பாடல். பிரியவும் இயலாமல் சேர்ந்திருக்கவும் இயலாமல் தவிக்கும் மனத்தின் பாடல் இது. இதில் யார்மீதும் குற்றச்சாட்டு இல்லை. 2019ஆம் ஆண்டில் தமக்குப் பிடித்த பாடல்களின் பட்டியலை ஒபாமா வெளியிட்டபோது அதில் இதுவும் இடம்பெற்றது. புகழ் பிறகு வந்தது. அதற்கு முன்பே ஒருவர் மற்றொருவரிடம் சொல்லி இப்பாடல் பரவியிருந்தது.

ஐந்தாவது, 'கசூர்'. 2020 ஜூலையில் வெளியானது. அதன் காணொளியில் தத்தம் வீடுகளில் இருந்தவர்களின் முகங்களே மாறிமாறி வருகின்றன, சிரிக்கின்றன, கலங்குகின்றன. அந்நாள்களில் வங்கிக் கிளைகள் திறந்திருந்தன. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் முகக்கவசம் அணிந்த வாடிக்கையாளர்களின் கண்களை மட்டுமே பார்த்துப் பணியாற்றிவிட்டு மாலையில் வீடு திரும்பிய நமக்கு, மறைப்பில்லாத மனித முகங்களைக் காண்பதே ஆறுதலாக இருந்தது. ஐந்தில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதனையே நாம் தேர்வோம்.

இனி, வங்கி அலுவலர்களாகிய நாம் சொல்லாமல் விடக்கூடாத ஒன்று. பாடலும் ஒரு சொத்தே. நம் பதிப்புரிமைச் சட்டப்படி (1957), பாடல் வரிகளுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை, படைத்தவரின் ஆயுட்காலத்திற்கும் அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. பதிவு செய்வது கட்டாயமன்று. செய்திருந்தால் வழக்கு நேரும்போது சான்றாக உதவும். திரைப்படத்திற்கு எழுதிக்கொடுத்த பாடலாயினும், திரையரங்கிற்கு வெளியே அது பயன்படும்போது கிடைக்கும் உரிமத்தொகையில் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் சமபங்கு உண்டு என்பதை 2012ஆம் ஆண்டின் திருத்தம் உறுதிசெய்தது. தானே எழுதி, இசையமைத்து, பாடும் கலைஞரிடத்தில் எழுத்து, இசை, பாடுதல் ஆகிய மூன்றின் உரிமையும் தொடக்கத்தில் ஒருசேர இருக்கின்றன. எனவே, இத்துறையில் நுழையும் பிள்ளைகள் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன்னும் எதனை, எத்தனை ஆண்டுகளுக்கு விட்டுக்கொடுக்கிறோம் என்பதைப் படித்தறிய வேண்டும். வீட்டுக்கடன் பத்திரத்தைப் படிக்கும் அதே கவனம் இதற்கும் தேவை.

குஹாடின் பாடல்களைக் கேட்கும்போது நமக்குள் ஓர் எண்ணம் எழாமல் இருப்பதில்லை. மந்திர் மார்க் பள்ளியில் தமிழ் படிக்கும் ஒரு மாணவியும் நாளை கிதாரைக் கையில் எடுக்கலாம். அவள் எம்மொழியில் எழுதுவாள்? இந்தியில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் மகிழ்வோம். ஆனால், பாட்டியிடம் தொலைபேசியில் பேசும் தமிழில், ஆட்டோவும் மெட்ரோவும் தில்லிக் குளிரும் கலந்த அந்தத் தமிழில், அவள் ஒரு பாடல் எழுதினால் அதுவும் பாடலுக்குப் போதுமான மொழிதான். இலக்கணம் பார்த்து அவளைத் தடுக்காமல், முதலில் அமர்ந்து ஒருமுறை முழுவதும் கேட்பது வீட்டிலுள்ள பெரியவர்களாகிய நம் பொறுப்பு.