பூச்சியமும் வெற்றிடமும் ஒன்றா?

திருவெறும்பூர்ப் பகுதி அரசுப் பள்ளியில் கணினி அறிவியல் கற்பிக்கிறேன். இடைப்பருவத் தேர்வு ஒன்றுக்குக் காய்ச்சலால் ஒரு மாணவி வரவில்லை. எக்செல் மதிப்பெண் பட்டியலில் அவளுக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டேன். 35-க்குக் குறைந்தால் ‘தோல்வி’ எனக் காட்டும் ஃபார்முலா, அவளையும் தோல்வி என்றது. சரிபார்க்காமல் பலகையில் ஒட்டியது என் தவறு.

“நான் எழுதவே இல்லையே சார், எப்படி ஃபெயில்?” என்றாள்.

நியாயமான கேள்வி. ஒப்பிடும்போது எக்செல் வெற்றுக் கட்டத்தைப் பூச்சியமாகக் கொள்கிறது. ஆனால் சராசரி காணும்போது அதே கட்டத்தை விட்டுவிடுகிறது. 40, 36, 44, 40 என நால்வர் மதிப்பெண், ஐந்தாமவர் வரவில்லை. வெறுமையாக விட்டால் சராசரி 40. பூச்சியம் இட்டால் 32. ‘வரவில்லை’ என்று எழுதினாலும் சிக்கல்தான். எழுத்துகளை எண்களைவிடப் பெரியதாக எக்செல் கருதுவதால், வராதவர் தேர்ச்சி பெற்றுவிடுவார்!

நிரல்மொழிகளும் இதில் ஒன்றுபோல் இல்லை. மேல்நிலை வகுப்பில் நாம் நடத்தும் பைத்தானில் 35 என்ற முழு எண்ணும் 35.0 என்ற தசம எண்ணும் சமம். தரவு வகை வேறானாலும் மதிப்பு ஒன்றே. ஆனால் மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் ‘நன்’ பூச்சியத்துக்குச் சமமன்று. அது 35-ஐவிடச் சிறியதா என்று கேட்டால், பைத்தான் 3 விடை சொல்லாமல் பிழை காட்டி நின்றுவிடும். சி++ மொழியின் 2017 பதிப்பில் வந்த ‘ஆப்ஷனல்’ வகையோ, வெறுமையை எல்லா எண்களையும்விடச் சிறியதாகக் கொள்ளும். அங்கே அம்மாணவி −5 வாங்கியவருக்கும் கீழே நிற்பாள்!

ஆகவே ‘எவ்வளவு?’ என்று கேட்குமுன் ‘மதிப்பு இருக்கிறதா?’ என்று கேட்க வேண்டும். எக்செலில் ‘இஸ்நம்பர்’ சார்பு இதைச் செய்யும். முதலில் அதைச் சோதித்து, எண் இல்லையெனில் ‘வரவில்லை’ எனக் காட்டச் செய்தேன். பட்டியல் சரியானது.

தொடக்க வகுப்பிலும் இதைக் கற்பிக்கலாம். மூன்று தீப்பெட்டிகள் போதும். ஒன்றில் ‘0’ எழுதிய சீட்டு, ஒன்றில் ‘34.5’, மூன்றாவது காலி. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கச் சொல்லுங்கள். “காலிப் பெட்டியை எங்கே வைப்பது?” என்று ஒரு குழந்தை கேட்டால், பாடம் புரிந்துவிட்டது.

பூச்சியம் ஒரு விடை. வெற்றிடம் இன்னும் கேட்கப்படாத கேள்வி.