சொல்லிவிட்டுப் போகணும்: மானிய வீடுகளும் ஒரு வருட நோட்டீஸும்

அமெரிக்காவில் அரசு மானியத்தில் ஓடும் அடுக்குமாடிகள் பலவற்றுக்கு ஓனர் அரசு இல்லை, தனியார். இது எனக்கே முதலில் குழப்பமாகத்தான் இருந்தது. 1974-ல் வந்த 'செக்‌ஷன் 8' ஏற்பாட்டில், குடியிருப்பவர் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதத்தை வாடகையாகக் கொடுத்தால் போதும். மிச்சத்தை மத்திய வீட்டுவசதித் துறை ஓனருக்குக் கொடுத்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், இந்த ஒப்பந்தத்துக்கு ஒரு முடிவுத் தேதி உண்டு. அதற்குள் அந்த ஏரியாவில் வாடகை ஏறியிருந்தால் ஓனரின் கணக்கு மாறிவிடும். புதுப்பிக்காமல் விட்டு, சந்தை வாடகை வாங்கலாம், இல்லை, விற்றுவிடலாம். மத்திய சட்டம் அதைத் தடுப்பதில்லை. போவதற்கு முன் சொல்லிவிட்டுப் போ என்கிறது, அவ்வளவுதான். ஒப்பந்தம் முடிய ஒரு வருடத்துக்கு முன்பே, குடியிருப்பவர்களுக்கும் துறைக்கும் எழுத்தில் நோட்டீஸ் தரணும். கலிபோர்னியா மாநிலம் இதோடு நிற்கவில்லை: 3 வருடம், 12 மாதம், 6 மாதம் என்று மூன்று தடவை சொல்லச் சொல்கிறது.

வெறும் காகிதம்தானே என்று நானும் நினைத்தேன். ஆனால் நோட்டீஸ் தராவிட்டால் என்ன ஆகும் என்று படித்ததும் எண்ணம் மாறியது. ஒப்பந்தமே முடிந்திருந்தாலும் சரி, நோட்டீஸ் கொடுத்து ஒரு வருடம் ஆகும்வரை ஓனர் அதைக் காரணம் காட்டி யாரையும் காலி செய்யச் சொல்ல முடியாது. குடியிருப்பவர் கட்டும் பங்கையும் ஏற்ற முடியாது. தாமதித்தால் நஷ்டம் ஓனருக்குத்தான்.

சரி, அந்த ஒரு வருடத்தில் என்ன நடக்கணும்? தகுதியுள்ளவர்களுக்கு 'என்ஹான்ஸ்ட் வவுச்சர்' கிடைக்கும். வாடகை ஏறினாலும் அதே வீட்டில் இருக்கலாம். ஆனால் அந்த வவுச்சர் ஆளுக்குத்தான், வீட்டுக்கு இல்லை. அவர் காலி செய்தால் அடுத்த ஏழைக் குடும்பத்துக்கு அந்த வீடு போச்சு.

வீட்டையே காப்பாற்ற வேண்டுமானால், குறைந்த வாடகையைத் தொடரத் தயாராக இருக்கும் ஒருவர் கட்டடத்தை வாங்கணும். அதனால்தான் கலிபோர்னியாவில் பொதுவாக, அப்படிப்பட்ட அமைப்புகள் விலை கேட்க ஓனர் முதலில் வாய்ப்பு தரவேண்டும். லாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு வங்கிக் கடன், வரிச் சலுகை, நகராட்சி உதவி எல்லாம் திரட்ட மாதக்கணக்கில் ஆகும். நோட்டீஸ் வாங்கித் தருவது அந்த அவகாசத்தைத்தான். அதை யாரும் பயன்படுத்தாவிட்டால், சட்டப்படி எல்லாம் சரியாக நடந்தும் கட்டடம் கைவிட்டுப் போகும்.

ஆகவே இப்படி ஒரு நோட்டீஸ் கைக்கு வந்தால் பயந்து மூட்டை கட்ட வேண்டாம். முதலில் அதிலிருக்கும் தேதியைப் பாருங்கள்.