எண்ணெயில் இறங்க மறுக்கும் வாயு

மைசூரு செலுவாம்பா மாளிகையில் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் (ஊரில் சி.எஃப்.டி.ஆர்.ஐ.) விஞ்ஞானிகள் 2001-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாங்கொட்டைப் பருப்புக் கொழுப்பையும் இலுப்பைக் கொழுப்பையும் பிரித்துக் கலந்தே பேக்கரிக்கான கெட்டிக் கொழுப்பைச் செய்யலாம், ஹைட்ரஜனே வேண்டாம் என்றது அது. நூறாண்டுகளாக உலகம் நம்பிய ஹைட்ரஜனை ஏன் விலக்க வேண்டும்? பதில் வனஸ்பதி ஆலையின் கொப்பரைக்குள் இருக்கிறது.

எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் சங்கிலி வளைந்திருக்கும். அதனால் மூலக்கூறுகள் நெருங்கி அடுக்கிக்கொள்ளாமல் எண்ணெய் திரவமாகவே நிற்கிறது. நிக்கல் தூளின் துணையோடு அங்கே ஹைட்ரஜனைச் சேர்த்தால் வளைவு நிமிரும்; எண்ணெய் உறையும். ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன் 1902-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1937-ல் டால்டாவாக நம் அடுப்படிக்குள்ளும் அது நுழைந்துவிட்டது.

காகிதத்தில் எளிய வினைதான். ஆனால் ஹைட்ரஜன் எண்ணெயில் மிகக் குறைவாகவே கரையும். குமிழியிலிருந்து எண்ணெய்க்கும், எண்ணெயிலிருந்து நிக்கல் துகளின் மேற்பரப்புக்கும் அது போய்ச் சேர வேண்டும். பெரும்பாலும் முதல் கட்டத்திலேயே நெரிசல். குமிழிகள் எவ்வளவு பொடியாக உடைகின்றனவோ அவ்வளவு பரப்பு கிடைக்கும், அவ்வளவு வாயு உள்ளே இறங்கும். உடைப்பது கலக்கியின் வேலை.

ஆய்வகத்தில் 10 லிட்டர் கலனில் கலக்கி நிமிடத்துக்கு 1,000 சுற்று சுழல்கிறது என்போம். அதே வடிவில் 10,000 லிட்டர் கலன் செய்தால் நீள அகலங்கள் 10 மடங்காகும். அதையும் 1,000 சுற்றில் ஓட்ட ஒரு லட்சம் மடங்கு மின்திறன் வேண்டும். எந்த முதலாளியும் தரமாட்டார். லிட்டருக்குச் செலவாகும் திறனை மாற்றாமல் வைத்தால் வேகம் சுமார் 215 சுற்றாக இறங்கும். எண்ணெய் ஒருமுறை முழுதாகக் கலக்கும் நேரமும் நாலரை மடங்குக்கு மேல் நீண்டுவிடும். சூடு வேறு தொல்லை. இரட்டைப் பிணைப்புகளின் அளவைக் காட்டும் அயோடின் எண் 1 குறைந்தால் எண்ணெய் ஏறக்குறைய 1.6 டிகிரி சூடேறும். 130-லிருந்து 70-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட 100 டிகிரி. அதை வெளியேற்றும் சுவர்ப்பரப்போ, லிட்டர் கணக்கில் பார்த்தால், பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அதனால்தான் பெரிய கலன்களுக்குள் குளிர்நீர்ச் சுருள்களைப் பொருத்துகிறார்கள்.

வினையில் சேராத வாயு மேலே திரண்டு நிற்கும். அதைக் கலக்கியே உள்ளீடற்ற தண்டின் வழியாக உறிஞ்சி மீண்டும் எண்ணெய்க்குள் இறக்கும் கலன்களும் உண்டு. அவற்றை 1970-களிலேயே துருவி ஆராய்ந்தவர்கள் மும்பையின் ஜே.பி. ஜோஷியும் எம்.எம். சர்மாவும். நம் பள்ளிப் பாடங்களில் இந்தப் பெயர்கள் இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

சரி, வாயு போதாவிட்டால் என்ன நடக்கும்? வினை மெதுவாகும், அது வெறும் பணநஷ்டம். கேடு வேறிடத்தில் இருக்கிறது. நிக்கலில் ஒட்டிய கொழுப்பு அமிலம் ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பெற்றபின் இரண்டாவது கிடைக்காமல் நின்றால், பெற்றதையும் விட்டுவிட்டுக் கழன்றுகொள்ளும். அப்போது பிணைப்பு பழைய வளைவுக்குத் திரும்பாமல் நேராகவே அமையலாம். அதுதான் டிரான்ஸ் கொழுப்பு. கெட்ட கொலஸ்டிராலை ஏற்றி நல்லதை இறக்குவது. வெப்பத்தைக் கூட்டினால் ஹைட்ரஜன் சற்று அதிகமாகக் கரையும் என்பது உண்மை. ஆனால் நிக்கலின் பசி அதைவிட வேகமாக ஏறிவிடுவதால் பற்றாக்குறை முற்றும், டிரான்ஸும் பெருகும்.

அழுத்தத்தைக் கூட்டி, வெப்பத்தைக் குறைத்து, நன்கு கலக்கினால் டிரான்ஸ் குறையும். பாதியில் நிறுத்தும் வினையில் அறவே ஒழியாது. முழுவதும் ஹைட்ரஜன் ஏற்றினால் அது ஏறத்தாழ இல்லாமல் போகும், ஆனால் கொழுப்பு மெழுகுபோல் இறுகிவிடும். ஆகவே மைசூரின் மாங்கொட்டை வழியே எனக்கு நேர்வழியாகப் படுகிறது.

இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டை வாங்குமுன் பின்பக்கம் உள்ள பொடி எழுத்தில் டிரான்ஸ் கொழுப்பு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.