கான்ஹா வனத்தில் மூன்று நாட்கள்

சென்ற மார்கழிக் கடைசியில் நமக்கு நான்கு நாட்கள் சேர்ந்தாற்போல் விடுமுறை வாய்த்தது. ஜபல்பூரிலிருந்து அம்பாசமுத்திரம் போய் வர நான்கு நாட்கள் எம்மட்டும்? போக்குவரத்திலேயே அவை கரைந்துவிடும். இரயில்வே குமாஸ்தாவுக்குப் பாஸ் உண்டு, நாள் இல்லை என்பது நம் அன்பர்கள் பலரும் அறிந்த கதைதான். ஆகவே, இத்தனை ஆண்டுகள் அருகிலேயே இருந்தும் எட்டிப் பாராத கான்ஹா வனத்துக்கு மனைவியோடும் நான்கு வயதுக் குழந்தையோடும் போய்வருவதென்று தீர்மானித்தோம்.

செய்தியைத் தொலைபேசியில் தாயாரிடம் தெரிவித்தோம். “பொங்கலுக்குப் பேத்தியை எனக்குக் காட்ட நாள் இல்லை; புலிக்குக் காட்ட மட்டும் நாள் கிடைத்ததாக்கும்! பாபநாசத்து மலையில் இல்லாத புலியா அங்கே இருக்கிறது?” என்றார். முண்டந்துறைக் காடு நம் ஊருக்குப் பக்கம்தான். விடை சொல்ல நமக்கு வாய் எழவில்லை. குழந்தையிடம் பேசுமாறு கொடுத்தோம். அவள் “பாட்டி, அச்சா” என்று இரண்டே சொற்களைச் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். தெருவிலும் பள்ளியிலும் இந்தி. வீட்டில் நாம் தமிழில் கேட்டாலும் விடை இந்தியில்தான் வருகிறது. தாயாரின் உண்மையான வருத்தம் இதுதான் என்பதை அறிவோம். நம் வருத்தமும் அதுவே.

நைன்பூர் வரை இரயில். இரண்டரை அடி அகலக் குறும்பாதையில் சிறு வண்டிகள் ஓடிய நாளில் நைன்பூர் பெயர் பெற்ற சந்திப்பு. ஜபல்பூர்ப் பக்கத்துக் குறும்பாதை 2015-ஆம் ஆண்டு மூடப்பட்டுப் பின்னர் அகலப்பாதை ஆயிற்று. ஓடும் வண்டியிலிருந்து இறங்கிப் பூப் பறித்துக்கொண்டு மறுபடியும் அதே வண்டியில் ஏறலாம் என்று அலுவலகத்து மூத்தவர்கள் சொல்வார்கள். நாம் அதை முழுவதும் நம்பவில்லை. நைன்பூரிலிருந்து வாடகை வண்டி பிடித்து, மாலையில் கட்டியா வாயிலுக்கு அருகில் தங்கினோம்.

கான்ஹா 1955-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. 1973-ல் புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியபோது அதில் சேர்ந்தது. நெடிதுயர்ந்த சால மரங்களும் மூங்கிற் புதர்களும், இடையிடையே பரந்த புல்வெளிகளுமாகக் காண்பதற்கு இனிய காடு. ஆனால் காலை ஆறு மணிக்குத் திறந்த ஜிப்சி வண்டியில் அமர்ந்திருப்பவனுக்கு அழகு எதுவும் கண்ணில் படாது. அவ்வளவு குளிர்! புல் நுனியில் பனி வெள்ளையாக உறைந்திருந்தது. கம்பளிக்குள் குழந்தையின் பற்கள் கிட்டின. வண்டி குலுங்கியதில் அவள் குடித்த பாலையும் வாந்தி எடுத்துவிட்டாள். மனைவி நம்மை ஒரு பார்வை பார்த்தாள். அப்பார்வையில் தாயாரும் இருந்தார்.

நம்மோடு அதே வண்டியில் வேற்றூர் அன்பர் ஒருவரும் அவருடைய துணைவியாரும் இருந்தனர். புள்ளிமான் ஒன்று கூவியது. மரத்தின் மேல் குரங்கு ஒன்று இருமியது. புலி அருகில் நடமாடுகிறது என்பதற்கு அவை அறிகுறி என்று வழிகாட்டி மெல்லச் சொன்னார். வண்டி நின்றது. அரை மணி நேரம் ஒருவரும் மூச்சு விடவில்லை. அந்நேரம் பார்த்து நம் குழந்தை, காடு அதிரும்படி, அதுவும் நல்ல தமிழில், “அப்பா, ஒண்ணுக்கு வருது!” என்றாள். காட்டினுள் நினைத்த இடத்தில் இறங்க அனுமதி இல்லை. அதற்கென ஒதுக்கிய இடத்துக்குத்தான் போக வேண்டும். வண்டி திரும்பியது. புலி வந்ததோ வரவில்லையோ, அந்த அன்பர் அதன் பின் நம்மிடம் பேசவில்லை. அவரைக் குறை சொல்வதற்கில்லை.

வழிகாட்டி மட்டும் சிரித்தார். அவர் கோண்டு இனத்தவர், ஐம்பது வயதிருக்கும். மறுநாளும் அவரே வந்தார். குழந்தை புல்வெளியில் மான்களைச் சுட்டி, அவளுடைய தாய் சொல்லச் சொல்ல, “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு” என்று எண்ணினாள். அவர் சட்டெனத் திரும்பி, “இது எந்த மொழி?” என்று இந்தியில் கேட்டார். தமிழ் என்றோம். அவர் தம் விரல்களை மடக்கி, “உந்தி, ரண்டு, மூந்து, நாலுங்” என்றார். நாம் திகைத்தோம். கண்ணுக்குக் ‘கன்’, பாலுக்குப் ‘பால்’, மரத்துக்கு ‘மரா’ என்றும் சொன்னார். ஐந்துக்குச் ‘சையுங்’ என்றதும் குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள்.

கோண்டி மொழி தமிழுக்கு உறவு என்பதை எங்கோ படித்திருந்தோம். படித்ததோடு சரி. தண்டவாளப் பணியாளர்களின் சம்பளப் பட்டியலில் கோண்டுப் பெயர்களை மாதந்தோறும் எழுதுகிறோம். அவர்களில் ஒருவரிடமாவது உங்கள் வீட்டில் எப்படி எண்ணுவீர்கள் என்று நாம் கேட்டதில்லை. அதை நினைத்தபோது சற்றே வெட்கமாக இருந்தது.

பிறகு வழி நெடுகக் குழந்தைக்கும் அவருக்கும் ஓயாத பேச்சு. “உங்க வீடு எங்கே?” என்று கேட்டாள். நாம் மொழிபெயர்த்தோம். அவர் எதிரே இருந்த புல்வெளியைக் காட்டினார். அங்கே வீடு ஒன்றும் இல்லை. பாட்டனார் உழுத வயல் அதுதானாம். காட்டு விலங்குகளுக்காகக் கிராமங்களை வெளியேற்றியபோது அவர்களும் வெளியே குடியேறினார்கள், வயல் புல்லாயிற்று. “இங்கே எங்களுடைய மாமரம் ஒன்று இருந்தது” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

அந்தப் புல்லில்தான் பாரசிங்கா மான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. கொம்பில் பன்னிரண்டு கிளை என்பதே பெயரின் பொருள். இதன் இனத்தார் அஸ்ஸாமிலும் இமயமலை அடிவாரத்திலும் சதுப்பு நிலத்தில் வாழ்பவர்கள். கான்ஹாவில் உள்ளவை மட்டும் கெட்டித் தரையில் வாழப் பழகியவை. புல்லன்றி வேறொன்றும் பெரும்பாலும் தின்பதில்லை. 1970-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 66 தான் எஞ்சியிருந்தன. புலி புகாதபடி வேலி அடைத்து, உள்ளே குட்டிகளைப் பெருக்கினார்கள். வயல்கள் புல்வெளியானதும் மேய்ச்சல் கிடைத்தது. இன்று சத்புராக் காட்டுக்கும் இங்கிருந்து அனுப்பும் அளவுக்குப் பெருகிவிட்டன. ஆண் மானொன்று கொம்பு நிறையப் புல்லை வாரிச் சூடிக்கொண்டு நின்றது. பெண் மான்களைக் கவர அப்படிச் செய்யுமாம். “அம்மா, மான் பூ வச்சிருக்கு!” என்றாள் குழந்தை. தமிழில் சொல்லும்படி அவளை யாரும் ஏவவில்லை.

குழந்தைகளோடு போக விரும்பும் அன்பர்களுக்கு ஒரு சொல். மழைக்காலத்தில் வனம் மூடியிருக்கும். புதன்கிழமை பிற்பகலிலும் அனுமதி இல்லை. சீட்டுக்கு முன்கூட்டியே பதிவு செய்வது நலம். குளிர்காலமானால் நீங்கள் எடுத்து வைத்த கம்பளியைப் போல் இரு மடங்கு எடுத்துச் செல்க. கொசுவலையும் வேண்டும். வண்டியில் ஏறுமுன் குழந்தைக்குப் பால் கொடுக்காதீர்கள். குளியலறைக்குக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.

ஊர் திரும்பிய இரவு தாயாரைக் கூப்பிட்டோம். “புலி பார்த்தாயா, கண்ணு?” என்றார். “இல்லை பாட்டி. மான் பார்த்தேன். உந்தி, ரண்டு, மூந்து, நாலுங், சையுங்!” தாயாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “இது என்னடி பேச்சு?” என்று கேட்கக் கேட்க, குழந்தை பாதித் தமிழிலும் பாதி இந்தியிலுமாகக் கதை முழுவதையும் சொன்னாள், வழிகாட்டித் தாத்தாவின் வீடு புல்லாகிவிட்டதையும் சொன்னாள். இருபது நிமிடங்கள் ஆயின. நம் வீட்டில் இதுவரை நடவாத அதிசயம்.

தொலைபேசி நம் கைக்கு வந்தபோது தாயார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சித்திரையில் எத்தனை நாள் லீவு போட முடியும்?” என்று மட்டும் கேட்டார். இருபது நாட்களுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். மேலதிகாரி இன்னும் கையெழுத்திடவில்லை.